மலிவு தேடிச் சென்றோம்

மலிவு என்னும் சொல்லில் ஏதோ ஒரு வசியம் இருக்கின்றது. அலுமாரியில் மடித்து வைக்க இடமின்றி உடுப்புக்கள் நிறைந்திருக்கும்போதும், கடை வாசலில் 'அரை விலை' என்று எழுதிய பலகையைக் கண்டுவிட்டால் எமது கால்கள் எம் சொற்கேளாமல் அப்பக்கம் திரும்பிவிடுகின்றன. வீட்டுக்கு வந்ததும் இத்தனை ரூபா மிச்சம் பிடித்தோம் என்று பெருமையோடு கணக்குச் சொல்லுகின்றோம். இத்தனை ரூபா செலவு செய்தோம் என்ற கணக்கை மட்டும் யாரும் கேட்டாலன்றிச் சொல்லுவதில்லை.

இது எமக்கு மட்டும் உரிய பலவீனம் என்று வெட்கப்படவேண்டியதில்லை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பைலீன் என்னும் பெரிய கடையின் நிலவறையில் 1909ஆம் ஆண்டு ஒரு மலிவுப் பகுதியைத் திறந்தார்கள். அங்கு வைத்த பொருள் 12 நாட்களில் விலைப்படாவிடில் விலையிற் காற்பங்கு தானாகவே குறையும். 18 நாட்களில் அரைப்பங்கு, 24 நாட்களில் முக்காற்பங்கு குறையும். 30 நாட்களாகியும் கேட்பாரற்றுக் கிடந்தால் தருமத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கே வாங்குவதா, இன்னும் ஆறு நாட் பொறுப்பதா, பொறுத்தால் மற்றவள் கொண்டுபோய்விடுவாளா என்று அந்நகரத்துச் சீமாட்டிகள் பட்ட தவிப்பை எண்ணும்போது எமக்கு ஓர் ஆறுதல் உண்டாகின்றது.

சென்ற மாதம் எமக்கும் அத்தகைய தவிப்பு ஒன்று வந்து சேர்ந்தது. எம் மகனுக்கு ஒரு வங்கியில் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்திருந்தது. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் கண்ட உண்மை. ஆகவே நல்லதொரு சேட்டு வாங்கவேண்டும் என்று தீர்மானித்தோம். அடுத்த வீட்டு அம்மையார் இதைக் கேள்வியுற்றதும் குரலைத் தாழ்த்தி ஓர் இரகசியம் சொன்னார். கறுவாத்தோட்டத்தில் ஒரு 'பூட்டிக்' இருக்கின்றதாம். மேனாட்டிற் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்களின் சேட்டுக்கள் அங்கே காற்பங்கு விலைக்குப் போகின்றனவாம். ஞாயிற்றுக்கிழமையோடு மலிவு விற்பனை முடிந்துவிடுமாம்.

"புறக்கோட்டையிற் கிடைக்காத சேட்டா?" என்று எம் வீட்டுக்காரர் கேட்டார். அக்கேள்விக்கு விடை சொல்லி நேரத்தை வீணாக்க நாம் விரும்பவில்லை.

பூட்டிக் என்ற சொல்லை எண்ணினால் சிரிப்புத்தான் வருகின்றது. எம் பாட்டனார் காலத்து இலங்கை ஆங்கிலத்தில் அது தெருமுனைப் பெட்டிக்கடையைக் குறித்தது. வாழைக்குலை தொங்க, கண்ணாடிப் போத்தலில் பல்லிமுட்டாய் இருக்க, வாங்கிலில் இருவர் அமர்ந்து பிளேன் ரீ குடிக்கும் கடை அது. இன்றோ அதே சொல்லுக்குள்ளே போவதற்கு நாம் இருமுறை கண்ணாடி பார்க்கவேண்டியிருக்கின்றது.

எமது இளமையில் உடுப்பு வாங்குவது ஒரு நாட் சங்கதியாய் இருந்ததில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த ஆண்டுகளிலே நல்ல துணி கிடைப்பதே அரிது. தீபாவளிக்கு ஒரே சுருளில் வெட்டிய துணியிலே அக்காவுக்குச் சட்டை, எமக்குச் சட்டை, தம்பிக்குச் சேட்டு, எஞ்சியதில் தலையணை உறை என்று அம்மா தைப்பார். கோயிலுக்குப் போனால் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. அந்த உடுப்புக்களில் யாருடைய பெயரும் எழுதியிருக்கவில்லை. ஆயினும் தைத்த கை எவருடையது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உடுப்பிலே பெயரைத் தைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திற் பிறந்த சார்ள்ஸ் பிரெடரிக் வொர்த் என்பவர் 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே தமது ஆடையகத்தைத் தொடங்கினார். ஓவியன் தன் ஓவியத்திற் கையொப்பமிடுவது போலத் தாம் ஆக்கிய ஆடையின் உள்ளே தம் பெயர் பொறித்த துண்டைத் தைத்துக் கொடுத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். அன்று தொடங்கிய பழக்கம் வளர்ந்து, இன்று துணிக்கு ஒரு விலை, தையலுக்கு ஒரு விலை, பெயருக்கு அவ்விரண்டையும் மிஞ்சிய ஒரு விலை என்று ஆகிவிட்டது.

அத்தகைய பெரும் பெயர்கள் கொழும்புக் கடையிலே மலிந்து கிடப்பதன் காரணமும் அறியத்தக்கது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இற் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவாயிற்று. மேனாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை உடுப்புத்தான் வாங்குவோம் என்று பங்கீடு வைத்திருந்த காலம் அது. தமது பங்கை முடித்துவிட்ட பிற நாட்டு உற்பத்தியாளர்கள், பங்கு மிஞ்சியிருந்த இலங்கையை நாடி வந்தனர். 1980களின் பிற்பகுதியிலே ஆடை ஏற்றுமதி தேயிலையையே முந்திக்கொண்டது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களில் நிறுவும் திட்டமும் வந்தது. 2005இன் தொடக்கத்தில் அப்பங்கீட்டு முறை ஒழிந்த பின்னரும் தொழில் இங்கே நிலைத்துவிட்டது.

தொழிற்சாலை ஒன்று ஆயிரம் சேட்டுக்குக் கட்டளை பெற்றால் ஆயிரத்தோடு நின்றுவிடாது. பழுது நேருமே என்று சிறிது கூடுதலாக வெட்டித் தைக்கும். பழுது குறைந்தால் நல்ல உடுப்புக்களே மிஞ்சும். பரிசோதகர் ஒரு பெட்டியில் சிலவற்றை எடுத்துப் பார்த்துக் குறை அளவுக்கு மேற்பட்டதென்று கண்டால், பெட்டிகள் முழுவதும் திரும்பிவிடும். கப்பலேற்றும் நாள் தவறினாலும் வாங்குவோர் மறுத்துவிடலாம். 2020இற் கொவிட் பரவியபோது தைத்து முடித்த உடுப்புக்களையே வேண்டாமென்று கைவிட்ட மேனாட்டு நிறுவனங்கள் பல. இவ்வாறு மிஞ்சியவையே பெயர்ச்சீட்டு வெட்டப்பட்டு உள்ளூர்க் கடைகளுக்கு வருகின்றன. பின்னாளிற் பெரிய வணிக நிறுவனமாக வளர்ந்து 2010இற் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஓடெல், 1989இல் ஓட்டாரா குணவர்த்தன என்ற இளம் பெண் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புக்களைத் தமது மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் வைத்து விற்றதிலிருந்து தொடங்கியதே.

இனி எம் கதைக்கு வருவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எம் தங்கையின் மூத்த மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கிளிநொச்சிப் பிள்ளை; தகப்பன் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கட்டுநாயக்காவிலுள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையிற் சேர்ந்து ஐந்து ஆண்டுகளாகின்றன. நான்கு பிள்ளைகளோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கின்றாள். மாதம் ஒரு முறை 187ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து வெள்ளவத்தைக்கு வந்து எம்மோடு சோறு உண்டு போவாள். தங்கையின் வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டதும், தம்பியைப் பல்கலைக்கழகம் வரை படிப்பிப்பதும் அவளுடைய சம்பளமே.

இத்தனை பெருமைக்கு உரியவளைப் பற்றி நாம் பிறரிடம் என்ன சொல்லி வந்தோம்? "கொழும்புப் பக்கம் ஒரு கம்பனியில் வேலை" என்றே சொல்லி வந்தோம். கலியாணப் பேச்சு வருகின்ற பருவம். 'காமென்ஸ் பிள்ளை' என்று தெரிந்தால் முகஞ்சுளிக்கும் உலகம் என்று எமக்கு நாமே காரணம் கற்பித்துக்கொண்டோம். 'கம்பனி' என்பது பொய்யன்று. எனினும் உண்மை தெரியாதிருக்கவே அச்சொல்லை நாடினோம்.

அவளையும் அழைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியிற் கறுவாத்தோட்டத்துக்குப் புறப்பட்டோம். பழைய பங்களா ஒன்று கடையாக மாறியிருந்தது. வாயிற்காவலர் கதவைத் திறந்துவிட்டு வணங்கினார். உள்ளே குளிர், எலுமிச்சம் புல்லின் மணம், காலடி கேளாத மெல்லிய சங்கீதம். புறக்கோட்டையில் என்றால் கடைக்காரத் தம்பி "வாங்கோ அம்மா, என்ன வேணும்?" என்று கேட்டு, நாம் வாய் திறக்குமுன் பத்துச் சேலைகளை விரித்து எறிந்திருப்பார். இங்கே ஓர் உடுப்புக்கும் மறு உடுப்புக்கும் இடையே ஒருவர் நின்று மூச்சு விடலாம். விலை எழுதிய அட்டையோ நாணங்கொண்ட மணப்பெண் போல உட்புறம் திரும்பிக்கொண்டிருந்தது.

மலிவுப் பகுதி பின்னறையில் இருந்தது. அங்கே மட்டும் சங்கீதத்தை மீறிய நெருக்கம். மெல்லிய நீலக்கோடிட்ட வெள்ளைச் சேட்டு ஒன்று எம் கண்ணிற் பட்டது. 19,500 ரூபா என்ற விலை சிவப்பு மையால் வெட்டப்பட்டு, 4,900 ரூபா என்று கீழே எழுதப்பட்டிருந்தது. கழுத்தின் உட்புறத்திற் பெயர்ச்சீட்டைப் பாதியில் நறுக்கியிருந்தார்கள். எஞ்சிய இரண்டரை எழுத்துக்களை வைத்துக்கொண்டே முழுப் பெயரையும் நாம் ஊகித்துவிட்டோம். இன்னொரு அம்மையாரின் கை அதனை நோக்கி நீள்வதைக் கண்டதும் சட்டென்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டோம். பொஸ்டன் சீமாட்டிகளின் தவிப்பு அக்கணத்தில் எமக்கு நன்கு விளங்கியது.

"பெரியம்மா, ஒருக்கால் தாங்கோ பாப்பம்" என்று பெறாமகள் மெதுவாகக் கையை நீட்டினாள்.

வாங்கியவள் பெயர்ச்சீட்டைப் பார்க்கவேயில்லை. சேட்டை உட்புறம் வெளியாகப் புரட்டி, பக்கத் தையலை இரு விரல்களாற் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நூல்முனைகளைத் தடவினாள். பையிலுள்ள கோடும் மார்பிலுள்ள கோடும் ஒன்றோடொன்று நேராகச் சேர்கின்றனவா என்று நோக்கினாள். யன்னலருகே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்திற் கையையும் உடலையும் ஒப்பிட்டாள். ஈற்றிற் கொலரின் இரு முனைகளையும் மடித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து எமக்குக் காட்டினாள்.

"இந்த முனை ஒரு நூல் நீளம் பெரியம்மா. போட்டுத் தெறியைப் பூட்டினால் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். கையின்ரை நிறமும் வேறை. வேறு சுருளிலை வெட்டினது."

அவள் காட்டும்வரை எமது கண்ணுக்கு அது புலப்படவில்லை. காட்டிய பின் அதைத் தவிர வேறொன்றும் புலப்படவில்லை.

"எப்படிப் பிள்ளை கண்டுபிடித்தாய்?" என்று கேட்டோம்.

"அஞ்சு வருசமாக் கொலர் மட்டுந்தானே தைக்கிறன். ஒருத்தி கொலர், ஒருத்தி கை, ஒருத்தி தெறி; முழுச் சேட்டு ஒருவரும் தைக்கிறேல்லை. மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு கணக்கு இருக்கு. கப்பல் போற கிழமையிலை இரவும் வேலை. அப்ப கண் சோரும்; முனை இப்பிடித்தான் போகும்." சொல்லிவிட்டு அந்தக் கொலரை ஒரு தரம் தடவினாள். "எங்கட இடத்திலை தைச்சதோ தெரியாது. ஆரோ பாவம், இதுக்கு ஏச்சு வாங்கியிருப்பாள்."

குறைவிலை என்று நாம் மார்போடு அணைத்துக்கொண்ட பொருளிலே யாரோ ஒரு பெண்ணின் உறக்கம் தைக்கப்பட்டிருந்தது என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம்.

அவள் தானாகவே தேடி வேறொரு சேட்டைக் கொண்டுவந்தாள். வெறும் வெள்ளை; 3,200 ரூபா. பெயர்ச்சீட்டு வெட்டப்படாமல் முழுமையாக இருந்தது. ஆனால் நாம் கேள்விப்படாத பெயர். நெருங்கிய சிறு தையல்கள். கொலரின் முனைகள் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒத்திருந்தன. "இது அவசரமில்லாத நாளிலை தைச்சது" என்றாள்.

இவற்றையெல்லாம் கடைப் பெண்மணி அருகில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். வியப்போடு சிங்களத்தில், "தங்கை நன்றாகப் பார்க்கின்றார். எங்கே படித்தார்? ஆடை வடிவமைப்பா?" என்று வினவினார்.

பெறாமகள் வாய் திறப்பதற்குள் நாம் முந்திக்கொண்டோம். "ஆம், வடிவமைப்புப் படிக்கின்றாள்" என்றோம்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று இன்று வரை எம்மால் விளக்க முடியவில்லை. யாரும் எம்மை வற்புறுத்தவில்லை. அந்தக் குளிரும், மணமும், கதவு திறந்த வணக்கமும் எம் நாவைத் திருப்பிவிட்டன போலும். ஐந்து ஆண்டுக் கட்டுநாயக்கா வாழ்க்கையிற் பெறாமகள் சிங்களத்தை எம்மைவிட நன்றாகவே கற்றிருந்தாள் என்பது, சொல்லிய பின்னரே நினைவுக்கு வந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. முதற் சேட்டை மேசைமேல் வைத்து, தெறிகளைப் பூட்டி, கைகளைப் பின்னே மடக்கி, கொலரை நிமிர்த்தி, பெட்டியிலிருந்து அப்பொழுதுதான் எடுத்தது போல மடித்து வைத்தாள். கால் நிமிடமும் ஆகவில்லை.

பணம் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தோம். முச்சக்கர வண்டி பம்பலப்பிட்டியைத் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பின்பு அவள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்: "அந்த 4,900 ரூபாச் சேட்டு எனக்கு நாலு நாட் சம்பளம் பெரியம்மா. தைக்கிற பிள்ளை எண்டு சொல்லியிருந்தால் கழிவு ஏதும் தந்திருப்பினமோ?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கோபித்திருந்தால் எமக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. பெயர்ச்சீட்டை நறுக்கிவிட்டு உடுப்பை விற்பது கடைக்காரர் வழக்கம். தொழிற்சாலைகளோடு செய்த ஏற்பாட்டால் அவர்கள் அப்படிச் செய்யவேண்டியிருக்கின்றது. எம்மை எவரும் அப்படி ஒரு உடன்படிக்கையிற் கட்டவில்லையே! எம் வீட்டுப் பிள்ளையின் பெயர்ச்சீட்டை நாமாகவே எடுத்து நறுக்கிவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றைத் தைத்தோம். சேட்டிலே ஒரு நூல் நீளக் குறையைக் கண்ட கண், பெரியம்மாவிலே எத்தனை அங்குலக் குறையைக் கண்டிருக்கும்?

மகன் அணிந்து பார்த்தபோது சேட்டின் கை சிறிது நீளமாக இருந்தது. மறுநாட் காலை மாற்றுவதற்காக மீண்டும் அக்கடைக்குப் போகவேண்டியதாயிற்று. அதே பெண்மணி. "வடிவமைப்பு மாணவி இன்றைக்கு வரவில்லையா?" என்று புன்னகையோடு கேட்டார்.

நெஞ்சு படபடத்தது. கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னோம்: "அவள் மாணவி அல்லள். கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கின்றாள். கொலர் தைக்கின்றாள். நேற்று நான் பொய் சொல்லிவிட்டேன்."

உலகம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தோம். "அப்படியா? அதுதான் அவ்வளவு விரைவாகக் கண்டுபிடித்தார்" என்று சொல்லிவிட்டு அவர் மாற்றுச் சேட்டைப் பையிலிட்டுத் தந்தார். பின்பு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். இத்தனை ஆண்டுகளாக நாம் மூடி மூடி வைத்திருந்த பெரிய இரகசியம், அவருக்கு ஒரு கணநேரப் பேச்சாக முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நேர்முகப் பரீட்சை நடந்தது. முடிவு இன்னும் வரவில்லை. கேள்விகள் கடினமாக இருந்தன என்றும், கொலர் மட்டும் கடைசிவரை நிமிர்ந்து நின்றது என்றும் மகன் சொன்னான்.

இம்மாதம் பெறாமகள் வந்தபோது சோறு பரிமாறிக்கொண்டே நடந்ததைச் சொன்னோம். வார்த்தைகள் சரியாக வரவில்லை. அவள் பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி சற்று நேரம் எம்மைப் பார்த்தாள்.

"இதைச் சொல்லவோ திரும்பவும் ஆட்டோவுக்குக் காசு குடுத்தனீங்கள்?" என்றாள். பின்பு, "சேட்டு மாத்தத்தான் போனீங்கள் எண்டு தெரியும். எண்டாலும் சொன்னீங்கள்தானே" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய்க் குழம்பு கேட்டாள்.

மலிவு தேடிச் செல்லும் அன்பர்கள் உடுப்பை உட்புறம் புரட்டிப் பாருங்கள். கோடுகள் சேர்கின்றனவா என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள். கொலரின் முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இவை எம் பெறாமகள் கற்பித்தவை. அவள் கட்டுநாயக்காவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிற் கொலர் தைக்கின்றாள்.